வியாழக்கிழமையோடு முடியும் கிரெடிட்

அன்று காலை அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டாரா, மூன்றா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை ஐயா. மூன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள். நன்றாகத்தான் சாப்பிட்டார்.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா பெயர் சவரிமுத்து. தம்பி டோமினிக் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். போன வருடம் அம்மா இறந்தபோது அவன் டிக்கெட் எடுத்தான்; விமானம் ரத்தாகிவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தத் தொகையை அடுத்த டிக்கெட்டுக்கென்று அவன் பெயரில் கிரெடிட்டாக வைத்தார்கள். ஒரு வருடம் செல்லும் என்றார்கள். அம்மாவின் அடக்கத்தை அவன் போனில் பார்த்தான். அன்றிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்காச்சும் சின்னவன் மண்ணு போடணும்டா."

டோமினிக்கிடம் வேறு டிக்கெட்டுக்கு வழியில்லை. அவன் முதலாளி சாவுக்கு மட்டும்தான் லீவு தருவார். கிரெடிட்டின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. இந்த மாதிரி வேலைகளை வீட்டில் நான்தான் பார்ப்பேன். கடைசித் தேதி ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தார். கிறிஸ்மஸ் வரை தாங்குவார் என்று டாக்டர் சொன்னார். அதுதான் சிக்கல்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மாலையே, புதன்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். மறுநாள் என் மனைவி விண்ணரசி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போன பிறகு கரண்ட் நின்றது. அந்த மெஷினுக்காகவே வாங்கிய இன்வெர்ட்டரை அணைத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"கரண்ட் எப்படா வரும்?"

"அஞ்சு மணி ஆவும்ப்பா."

தலையாட்டினார். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. எங்களுக்குள் எப்போதுமே பேச்சு குறைவு. அது எனக்குப் பிடித்திருந்தது.

டோமினிக் வந்து சேர்ந்தான். மூன்று பிடி மண் போட்டான். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் போனைப் பார்த்தபடி நடந்தான்.

"ஏண்ணே, அப்பா செத்தது செவ்வாக்கெழம. டிக்கெட்ட திங்கக்கெழமையே போட்டிருக்க?"

வியாழனோடு கிரெடிட் முடிகிறதே என்றேன்.

"புக் பண்றதுக்குத்தாண்ணே வியாழன். போட்டு வச்சிட்டு, டேட்ட கிறிஸ்மஸுக்குக்கூடத் தள்ளிக்கலாமே."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். நான் நடந்துகொண்டிருந்தேன்.

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். விண்ணரசி ஏலாக்குறிச்சியில் தாய்வீட்டில் இருக்கிறாள். டோமினிக் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மஸ்கட் திரும்பிவிட்டான். இன்வெர்ட்டர் உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

கிரெடிட் வீணாகவில்லை ஐயா.