நகர்த்தல் பூட்டு

எனக்குக் கை கொஞ்சம் பெரிது சார். சுண்டுவிரல் அடிக்கடி வேறு பொத்தானில் பட்டுவிடும். அதனால்தான் பூட்டுகளின் மேல் எனக்கு அத்தனை பிரியம்.

படம் திருத்தும்போது மூலப்படத்தை நான் தொடுவதில்லை. அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல ஒரு லேயர் வைத்து, திருத்தத்தை அதில் செய்வேன். கைதவறிக் கெடாமலிருக்க அந்த லேயருக்குப் பூட்டுகள் உண்டு. ஒன்று பிரஷ்ஷைத் தடுக்கும். இன்னொன்று லேயர் நகராமல் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் தடுக்கிற முழுப்பூட்டும் இருக்கிறது.

எங்கள் நிறுவனம் கட்டிய குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தை விளம்பரத்துக்காகத் திருத்தினேன். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் உத்தரத்தில் ஒரு விரிசல். அழகாக இல்லை, எடுத்துவிட்டேன். அதே படத்தை மேலாளர் பாதுகாப்பு அறிக்கையிலும் சேர்த்தார். இஞ்சினியர் நேரில் போகாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது தெரியும். பதினைந்து வருடத்தில் என் திருத்தத்தை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த லேயருக்குப் பிரஷ் பூட்டை மட்டும் போட்டிருந்தேன். நகர்த்தல் பூட்டை மறந்துவிட்டேன். என் தவறு அது ஒன்றுதான்.

பக்கம் வடிவமைக்கும் அக்கா எனக்கு அடுத்த மேஜை. படத்தை விளம்பரப் பக்கத்தில் வைக்கும்போது அவர் மவுஸ் இழுபட்டது. லேயர் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"என்ன தம்பி, உன் உத்தரம் சட்டையைக் கழட்டுது?" என்று சிரித்தார். பிறகு திரையருகே குனிந்தார். சிரிப்பு நின்றது. "இது விரிசல்டா. அடுத்த வாரம் ஜனங்க குடிவராங்க. இஞ்சினியர்கிட்ட சொல்லிடறேன்."

"தூசியாக்கூட இருக்கலாம்க்கா. நேர்ல ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. தப்பா இருந்தா உங்களைத்தான் கிண்டல் பண்ணுவாங்க."

"அதுவும் சரிதான். எப்பப் போகட்டும்?"

"நாளைக்குப் பதினொரு மணிக்கு. வெளிச்சம் நல்லா விழும். நேரா அடியில நின்னு போட்டோ எடுங்க, அப்பத்தான் ஆழம் தெரியும்."

வெளிச்சத்தைப் பற்றி நான் சொன்னது உண்மை. மறுநாள் பத்து மணிக்குத் தொட்டியில் முதல்முறையாகத் தண்ணீர் ஏற்றப்போகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. நிறைந்த தொட்டியை அந்த உத்தரம் தாங்காது. விரிசலைப் புள்ளி புள்ளியாக அழித்தவன் நான். அதன் ஆழம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

பதினொன்று பத்துக்கு மேலாளரின் போன் அடித்தது. எல்லோரும் எழுந்து குடியிருப்புக்கு ஓடினார்கள். அக்காவின் நாற்காலியில் அவர் துப்பட்டா கிடந்தது. நான் அவர் கணினியில் கோப்பைத் திறந்து, லேயரைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, முழுப்பூட்டைப் போட்டேன்.

நீங்களே திறந்து பாருங்கள் சார். மூலப்படம் அடியில் அப்படியே இருக்கிறது, விரிசலோடு. நான் எதையும் அழிக்கவில்லை.