மங்கலாக் கேக்குதுன்னாரு

இல்லீங்க தம்பி, நிறுத்தீராதீங்க. ஓடட்டும். இன்னொருக்கா மொதல்ல இருந்து முள்ள வைங்க, ரெக்கார்டோட அந்த ஓரத்துல இருந்து.

ஆமாங்க, இந்த எடந்தான். வயலின்ல வில்லு கம்பிமேல ஒரசுது பாருங்க, சொரசொரன்னு. எனக்கே கேக்குது. ஒண்ணுந் தெரியாத எனக்கே கேக்குது. அடக் கெரகமே.

ஒண்ணுமில்லீங்க, கண்ணுல தூசி. தண்ணியெல்லாம் வேண்டாமுங்க. நீங்க சொல்லுங்க. இந்தக் கறுப்புப் பெட்டிய வேண்டாம்னு வெச்சுரலாமுங்க, அதுல பாட்டு ஸ்ஸு ஸ்ஸுன்னு காதைக் குத்துது. இந்த வால்வு எரியறது பாக்க அழகாத்தான் இருக்குது, சாமி அறைல வெளக்கு வெச்சாப்புல. ஆனா சூடாகுமுங்களே. எங்கூட்டு அலமாரில காத்தோட்டம் பத்தாது. அப்பொ இந்த வெள்ளிக் கலருதான். குமிழு பெருசா நடுவுல இருக்குதல்லொ, அதுதான் எனக்கு வேணும்.

சீட்டுல என்னமோ எழுதிட்டு வந்தேன், இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். ப்ரீஆம்ப், இந்தப் பெட்டிக்குப் பேரு அதுதானாமா. ஃபோனோ உள்ளயே இருக்கோணும். முள்ளு எம்எம், முள்ளுல ரெண்டு சாதி இருக்குதாமா. எம்சி இல்லை, எம்எம், ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கறேன். மூணு வாரமா ஃபோன்ல தேடித் தேடி எழுதுனதுங்க. ஃபோனோன்னா ஃபோனுல மாட்டறதுன்னு நெனச்சுட்டிருந்தேன் மொதல்ல. சிரிங்க, சிரிங்க. பொறவுதான் தெரிஞ்சுது, முள்ளுல இருந்து வார சத்தம் ரொம்பச் சின்னதாமா, அத நம்ம காதுக்கு எட்டற அளவுக்குத் தூக்கி, சரி பண்ணிக் குடுக்கறதுதானாமா. சரிங்களா? பரவால்லை, பாஸாயிட்டேன்.

என்ற ஊட்டுக்காரருக்குத்தானுங்க. வரதராஜுலுன்னு பேரு. சிங்காநல்லூருங்க நாங்க. பம்பு கம்பெனில டெஸ்டிங்ல இருந்தாரு, முப்பத்தோரு வருசம். இப்ப ரிட்டயர்டு. பாட்டுன்னா பைத்தியம், ரெக்கார்டே நானூறு கிட்ட வெச்சிருக்கறாரு.

பழைய பெட்டியா? அதுவும் இதே மாதிரிதானுங்க, வெள்ளிக் கலரு, நடுவுல பெரிய குமிழு. அதனாலதான் இதையே கேக்கறேன். பாத்தா வித்தியாசந் தெரியக்கூடாது. அவரு காலைல நடக்கப் போறப்ப, நீங்க ஒரு ஆளை அனுப்பிச்சு இத வெச்சுப்போட்டு அத எடுத்துட்டீங்கன்னா...

இல்லீங்க, பொறந்தநாளெல்லாம் இல்லை.

ரிப்பேருக்கும் வேண்டாமுங்க. நீங்க தெறந்து பாத்தா என்னாச்சுன்னு சொல்லிப்போடுவீங்க.

அவரையே கூட்டிட்டு வந்து கேக்க வெச்சு வாங்குனா நல்லதுதான். எனக்குந் தெரியுது. ஆனா அவருக்குக் காது செரியில்லீங்களே. அப்புடித்தான் எல்லாருஞ் சொல்றோம்.

அவரு காதப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க தம்பி. ஸ்க்ரூ டிரைவரு நுனிய ஓடற மோட்டாரு மேல வெச்சு, புடிய காதுல வெச்சுக்குவாரு. கண்ண மூடிட்டு ஒரு நிமிசம் நிப்பாரு. பின்னாடி பேரிங் போயிருச்சு, கழட்டுங்கன்னு சொல்லுவாரு. கழட்டுனா அதுவேதான் இருக்கும். ரிட்டயர் ஆன பொறவுங்கூட ஊட்டு வாசல்ல மோட்டாரக் கொண்டாந்து எறக்குவாங்க. டெம்போல பெருந்துறைல இருந்தெல்லாம் வருவாங்க. அவரு அதுக்கு ஒண்ணும் வாங்கறதில்லை. அவருக்கு அது ஒரு கெத்துங்க. மனுசன் ஒசரங்கூடக் கொஞ்சம் கூடிப்போவாரு அந்த நேரத்துல.

தை மாசம் ஒரு நாளு, ரெக்கார்டு போட்டுட்டு ஒக்காந்தவரு எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்தாரு. முள்ளத் தொடச்சாரு. வேற ரெக்கார்டு மாத்துனாரு. என்னைக் கூப்பிட்டு, லட்சுமீ, இங்க வா, உனக்கு மங்கலாக் கேக்குதான்னாரு. போர்வைய மூடிட்டுப் பாடறாப்புல இருக்குதுன்னாரு.

நான் கேட்டேன். மங்கலாத்தான் இருந்துச்சு.

எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

வாய் தவறித்தானுங்க வந்துச்சு. யோசிச்செல்லாஞ் சொல்லலை. ஆனா சொன்னது சொன்னதாப் போச்சு. அடுத்த நாளுங் கேட்டாரு. நேத்து நல்லாக் கேக்குதுன்னவ இன்னிக்கு எப்புடி மாத்திச் சொல்றது? பொங்கலுக்கு வந்த பையன் அப்பத்தான் ஊருக்குக் கெளம்பிட்டிருந்தான். வம்சின்னு பேரு, பெங்களூருல இருக்கறான். அவன் ஃபோனப் பாத்துக்கிட்டே, நல்லாத்தான்ப்பா இருக்குது, உங்களுக்கு வயசாச்சு, காதக் காட்டுங்கன்னான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் கேக்கவே இல்லை. ஆனா எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. நான் சொன்ன பொய்க்கு இன்னொரு ஆளு கெடச்சாப்புல.

டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனதும் நாந்தான். கண்ணாடி ரூமுக்குள்ள ஒக்கார வெச்சு, காதுல மாட்டியுட்டு, பீப் சத்தம் கேட்டா பட்டன அமுத்துங்கன்னாங்க. வெளிய இருந்து பாத்துட்டிருந்தேன். கைல பட்டன வெச்சுட்டு யோசிக்கறாரு, யோசிக்கறாரு, அமுத்தவே இல்லை. வெளிய வந்து என்ன சொன்னாருன்னு நெனக்கறீங்க? கேட்டாப்புல இருந்துச்சு லட்சுமி, ஆனா நெசமாலுமே கேட்டனா, நானா நெனச்சுக்கிட்டனான்னு தெரியலை, அதான் அமுத்தலைன்னாரு. ஸ்க்ரூ டிரைவரு வெச்சுச் சொன்ன மனுசனுங்க. அவரு காத அவரே நம்பலை.

டாக்டரு மேல குத்தமில்லீங்க. அவருக்கு வந்த காயிதத்துல என்ன இருந்துச்சோ அதப் பாத்துச் சொன்னாரு. அறுபத்தாறு வயசுல யாரச் சோதிச்சாலுங் கொஞ்சம் கொறையத்தான் செய்யும்னாரு. காது மிஷினு ஒண்ணு மாட்டுனாங்க. மாட்டிட்டு ஒறம்பரைக் கல்யாணத்துக்குப் போனம். மேளம் வாசிக்கறப்ப அது கீஈன்னு ஊளையுடுது. பந்தில எல்லாருந் திரும்பிப் பாக்கறாங்க. எலைல சோறு அப்புடியே இருக்குது, எந்திரிச்சுப் போயிக் கார்ல ஒக்காந்துக்கிட்டாரு. அதோட கல்யாணங் காச்சிக்கு வாரதில்லை. ஃபோன எடுக்கறதில்லை. ரெக்கார்டு மேல பழைய பெட்சீட்டப் போட்டு மூடிப்போட்டாரு.

ஆடி மாசம் பெருந்துறைல இருந்து ஒருத்தரு மோட்டாரோட வந்தாருங்க. எப்பவும் வாரவருதான், குமாரசாமின்னு. இவரு ஸ்க்ரூ டிரைவர வெச்சுக் கேட்டாரு. பின்னாடி பேரிங்குன்னு முணுமுணுன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. உடனே தலைய ஆட்டி, இல்லீங்க, எனக்குச் செரியாத் தெரியலை, காது போயிருச்சு, வேற ஆளப் பாருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. அந்தாளு நாலு நாளுக் கழிச்சுக் கூப்பிட்டாரு, நாந்தான் எடுத்தேன். பின்னாடி பேரிங்குதானுங்க அம்மா, அய்யாகிட்டச் சொல்லிருங்கன்னாரு.

சொல்லலைங்க.

அதைச் சொல்லியிருந்தாலே போதும், மனுசன் எந்திரிச்சு ஒக்காந்திருப்பாரு. எனக்குந் தெரியும். சொல்லலை.

நீங்க கேக்கலை, ஆனா உங்க மூஞ்சில தெரியுது. காது நல்லா இருக்குதுன்னு இவளுக்கு எப்புடித் தெரியும், பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு எப்புடித் தெரியும்னு. நாந்தானுங்க கெடுத்தேன்.

வெள்ளிக்கெழமை ஊடு தொடச்சுட்டு, சாமிக்குப் பூ நனைச்சு வெச்ச சொம்ப அந்தப் பெட்டி மேல வெச்சேன். அதுமேல ஒண்ணும் வைக்காத வைக்காதன்னு ஆயிரந் தாட்டி சொல்லியிருக்கறாரு. கேஸ்காரன் வந்து பெல்லடிச்சான், திரும்புனேன், முழங்கை பட்டுச்சு. ஒரு சொம்புத் தண்ணி மொத்தமும் மேல இருக்கற ஓட்டை வழியா உள்ள எறங்கிருச்சு. அவரு பேங்குக்குப் போயிருந்தாரு. வயரக் கழட்டி, கவுத்து, மொட்டை மாடில வெயில்ல வெச்சு, தலை காய வைக்கற மிஷின எடுத்து ஒரு மணி நேரம் ஊதுனேன். எந்த வயரு எங்கன்னு ஃபோன்ல படம் புடிச்சு வெச்சு, அதே மாதிரி மாட்டிப்போட்டேன். வெளக்கு எரிஞ்சுது. பாட்டும் பாடுச்சு. தப்பிச்சோம்னு நெனச்சேன். அடுத்த நாள்ல இருந்துதான் மங்கல்.

அவரு சிநேகிதரு ஒருத்தரு, சாமுவேல்னு, ஒரே கம்பெனிதான். ஞாயித்துக்கெழமையானா வந்து கூட ஒக்காந்து பாட்டுக் கேப்பாரு. அவரு ஃபோன் பண்ணி, காத அப்புறம் பாக்கலாம், மொதல்ல அந்தப் பெட்டிய நான் தெறந்து பாக்கறேங்க அம்மான்னாரு. தெறந்தா தண்ணிக் கறை இருக்குமுங்களே. டாக்டரு சத்தமே ஆகாதுன்னுட்டாரு, கொஞ்ச நாளைக்கு நீங்க வராதீங்கன்னு சொல்லிப்போட்டேன். சாமுவேலு கூப்பிட்டத ஊட்டுக்காரருகிட்டச் சொல்லவுமில்லை. சாமுவேலுகூட இப்பெல்லாம் வாரதில்லையேன்னு இவரு ஒரு நாளு கேட்டாரு. செவுடன்கூட என்ன பேச்சுன்னு நெனச்சிருப்பானுன்னு அவரே பதிலுஞ் சொல்லிக்கிட்டாரு. நான் வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். உரிச்சுட்டேதான் இருந்தேன்.

வேண்டாமுங்க தம்பி, சமாதானஞ் சொல்லாதீங்க. தண்ணி கொட்டுனது கை தவறி. மத்ததெல்லாங் கை தவறி இல்லீங்க.

எதுக்கு வாசலையே பாக்கறேனா? அவரு எதுத்தாப்புலதானுங்க இருக்கறாரு. அந்த மாடில, காது மிஷினு குடுக்கற எடத்துல. இது பத்தலைன்னு இன்னொண்ணு மாட்டறாங்களாமா, வலது காதுக்கும். டோக்கன் வாங்கி ஒக்கார வெச்சுப்போட்டு, துணிக்கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு இங்க வந்தேன். இந்தப் பெட்டிய மாத்தி வெச்சுட்டா, ஒரு நாளு பெட்சீட்ட எடுத்துட்டுப் போட்டுக் கேப்பாரு, காது தானா நல்லாயிருச்சுன்னு நெனச்சுக்குவாரு, நானுஞ் சாமி புண்ணியம்னு சொல்லிப்போடலாம்னுதான் வந்தேன். அப்புடியே முடிஞ்சு போயிரும்னு.

ஆனா நீங்க அந்த ரெக்கார்டப் போட்டுப்போட்டீங்க. எட்டு மாசமா அந்த மனுசன் காணம் காணம்னு தேடுனது என்னன்னு இப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது.

ஆமாங்க. நீங்க சொல்றது செரி. மாத்தி வெச்சா அதும் இன்னொரு பொய்தான். போயிச் சொல்லிப்போடறேன். அந்த மிஷின வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லோணும். நீங்க இதைப் பெட்டில போட்டுக் கட்டீராதீங்க, அப்புடியே இருக்கட்டும். வருவாரான்னு தெரியலை. வந்தாருன்னா அவரே கேட்டு, அவரே எடுக்கட்டும், இதோ அதோ எதோ ஒண்ணு. காது மிஷினக் கழட்டி வெச்சுப்போட்டுக் கேக்கச் சொல்லுங்க.

பயமா? திட்டுவாருன்னா எட்டு மாசம் மறைச்சேன்? இல்லீங்க. திட்டற ஆளே இல்லை அவரு. சொம்ப வெச்சதுக்கு ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு, மூணாம் நாளு மறந்துபோடுவாரு. மொத வாரம் வேண்ணாப் பயம்னு சொல்லிக்கலாம். பொறவு பயமில்லீங்க.

உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருசமாச்சுங்க தம்பி? எங்களுக்கு முப்பத்தெட்டு. அத்தன வருசமும் நான் பேசறப்ப அவரு காது மோட்டாருல இருக்கும், இல்லீன்னா ரெக்கார்டுல இருக்கும். ம்ம் ம்ம்னு சொல்லுவாரு. என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டாத் தெரியாது. கெட்ட மனுசனில்லை, அது அப்புடியே பழகிப்போச்சு. மிஷினு குடுத்த அம்மணிதான், ஊட்டுல இருக்கறவங்க எதுக்கால ஒக்காந்து, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க, அப்பத்தான் அவருக்குப் புரியும்னு சொல்லுச்சு. அன்னைல இருந்து நாற்காலிய எனக்கு நேராத் திருப்பிப் போட்டுக்குவாரு. நான் வாயத் தெறந்தா என்ற ஒதட்டையே பாத்துட்டிருப்பாரு.

ஒரு நாளு காப்பி குடிக்கறப்ப, என்னமோ பேச்சுவாக்குல, எட்டாவதோட என்னைய நிறுத்துன அன்னிக்கு நோட்டுப் புத்தகத்தையெல்லாம் நானே கொண்டுபோயி அடுப்புல போட்டேன்னு சொன்னேன். முன்னாடியும் எத்தனையோ தாட்டி சொன்னதுதானுங்க. அவரு டம்ளரக் கீழ வெச்சுட்டு முன்னால சாஞ்சு, செரியாக் கேக்கலை லட்சுமி, இன்னொருக்கா சொல்லுன்னாரு.

இன்னொருக்கா சொல்லுன்னு என்னைய யாருங் கேட்டதில்லீங்க தம்பி. அதுக்காகத்தான் அந்தப் பொய்ய வெச்சுக்கிட்டேன்.