இரண்டு விரல் துணி

உங்கள் சட்டையில் இடது தோள் சற்றே தூக்கி நிற்கிறது, சார். தைத்தவன் அவசரக்காரன். தையல் மெஷினோடு கிடந்தவனுக்கு இதெல்லாம் கண்ணை உறுத்தும். தப்பாக நினைக்காதீர்கள்.

என் விஷயமும் சட்டையில்தான் ஆரம்பித்தது. எனக்கு நானே தைத்துக்கொண்ட சட்டைகள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. முதலில் அக்குள். பிறகு வயிறு. மனைவியிடம் சொன்னேன்.

"உடம்பு போட்டிருக்கீங்க. சட்டை என்ன பண்ணும் பாவம்?" என்று சிரித்தாள்.

ஊருக்கே அளவெடுக்கிறவனிடம் அளவு பேசுகிறாள். கல்யாணத்தன்று என்ன உடம்போ, இன்றும் அதே உடம்பு. அதற்கு டேப் வைத்துப் பார்க்க வேண்டுமா என்ன?

கடையில் என்னைத் தவிர இருந்தவன் என் தம்பி ஒருவன்தான். சோறு போட்டு, தொழில் சொல்லிக்கொடுத்து நான் ஆளாக்கியவன். தையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாராவது பிடித்துத் தைத்திருந்தால் ஊசித் தடம் இருக்க வேண்டும். ஒரு தடமும் இல்லை. தடம் தெரியாமல் தைக்க என் தம்பி ஒருவனால்தான் முடியும். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அயோக்கியத்தனத்தைக் கேளுங்கள். சில நாள் சட்டை திடீரென்று தளர்ந்திருக்கும். என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று காத்திருக்கிறான். நான் மூச்சு முட்டிச் செத்தால் கடை அவனுக்கு. வயிறு எரிந்தது, சார். இப்போதும் எரிகிறது.

அன்று சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் வெட்டுமேசைக்குப் பின்னால் படுத்தேன். தூங்கவில்லை. அவன் என் நீலச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பக்கத் தையலைப் பிரித்தான். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்னடா பண்றே?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்லண்ணே. நீங்க படுங்க."

ஒன்றுமில்லையாம். பெரிய கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது. "அண்ணே" என்றான். மறுபடியும் "அண்ணே" என்றான். கத்தரி வைத்தபின் தயங்கக் கூடாது, துணி கோணிவிடும். நான் தயங்கவில்லை.

அந்தச் சட்டையை நீங்கள் காட்டினீர்கள். ஒரு பக்கத்தைத் தம்பி முன்னமே தைத்து முடித்திருந்தான். உள்ளே மடித்திருந்த துணியில் இரண்டு விரல் அளவு வெளியே விட்டிருக்கிறான், பெரிதாக்கத்தான் பார்த்திருக்கிறான் என்றீர்கள். நான் நம்பவில்லை.

நேற்று மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தாங்க சொன்னேன். அண்ணன் சட்டை பிடிக்குதுன்னு கத்துறாரு, அவருக்குத் தெரியாம லூஸ் பண்ணி வைடான்னு. நான் சொல்லித்தாங்க அவன் செஞ்சான். பாவி நான்."

அவள் வாயாலேயே வந்துவிட்டது.

கொன்றது நான்தான், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவன் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். சொன்னதைச் செய்த பிள்ளை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று தெரியாமலா சொன்னார்கள்?

ஜாமீன் எப்போது கிடைக்கும், சார்? வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள்.