சிவானுஜாவின் சைக்கிளை விமானத்தில் ஏற்றியவர் யார் என்பது பற்றி

பெயர்: கந்தையா உமாபதி. வயது: 47. பிறந்த இடம்: சுன்னாகம், இலங்கை. தொழில்: சைக்கிள் திருத்துபவர், சொந்தக் கடை. முகவரி: ஜேர்மனி, ஹம் நகரம், ஊன்ட்றொப் பகுதி, வீதியும் இலக்கமும் எனது முதல் வாக்குமூலத்தில் உள்ளவாறே. நாள்: 22 யூலை 2025, செவ்வாய், காலை 9.40. பதிவு செய்பவர்: பொலிஸ் அதிகாரி யூலியா ஹார்ட்விக். மொழிபெயர்ப்பவர்: செல்வி தேனுஜா.

கவனயீனத்தால் ஒருவரின் மரணத்துக்குக் காரணமானேன் என்ற சந்தேகம் என்மீது எழலாம் என்றும், நான் எதுவும் பேசாமல் இருக்கலாம் என்றும், ஒரு வழக்கறிஞரை அழைக்கலாம் என்றும் அதிகாரி எனக்கு எடுத்துச் சொன்னார். நான் விளங்கிக்கொண்டேன். வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். விபத்து நடந்த 14 யூன் அன்று பிற்பகல் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதி உண்மையல்ல. அதைத் திருத்துவதற்காக நானாகவே வந்துள்ளேன்.

இறந்துபோன சுலக்ஷனை எனக்கு எட்டு ஆண்டுகளாகத் தெரியும். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வயது 34, இயந்திரப் பொறியியலாளர். என் கடையில் ஒரு சைக்கிள் வாங்க வந்தவர், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க்கரை வழியாக என்னோடு சைக்கிள் ஓடத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறு விமானம் ஓட்டும் உரிமம் எடுத்தார். உரிமம் கையில் வந்த கிழமையே கடைக்கு வந்து, "அண்ணை, பிளேனுக்கை சைக்கிள் ஏத்தலாமோ?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அதன் பின்னர் இருவருமாக அளந்து பார்த்தோம். அவர் சேர்ந்திருந்த பறப்புக் கழகத்தின் விமானம் நான்கு இருக்கைகள் கொண்டது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சைக்கிள்களின் முன்சில்லையும் பெடல்களையும் கழற்றி, ஹான்டிலைத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் இரண்டு சைக்கிள்கள் போகும் என்று கண்டோம். தரையில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இரும்பு வளையங்கள் உண்டு. நான்கிலும் பட்டி போட்டு இறுக்குவோம். அப்படிப் பதினொரு தடவை இருவரும் பறந்து, இறங்கிய இடங்களில் சைக்கிள் ஓடித் திரும்பியிருக்கிறோம். ஏற்றும் வேலை எப்போதும் என்னுடையது. நிறைபார்ப்பதும் கணக்கிடுவதும் அவருடையது.

அவருடைய மனைவி சிவானுஜாவுக்குக் கடந்த ஆண்டு மார்பில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைகள் முடிந்து, இந்த ஆண்டு யூன் மாதம் உடம்பு தேறுவதற்காக வடகடல் தீவொன்றில் உள்ள நிலையத்துக்கு மூன்று கிழமை அனுப்பப்பட்டார். அங்கே கார் ஓட முடியாது. எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள். அங்கிருந்து அவர் தொலைபேசியில், ஓராண்டுக்குப் பிறகு சைக்கிள் ஓட ஆசையாக இருக்கிறது, ஆனால் வாடகைச் சைக்கிள் எல்லாம் தனக்கு உயரம் என்று சொன்னாராம். சுலக்ஷன் உடனே, மனைவியின் சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவெடுத்தார். தன்னுடையதையும் கொண்டுபோனால் இருவருமாகக் கடற்கரைப் பாதையில் ஓடலாம் என்றார். அதனால் அன்று நான் போகவில்லை.

14 யூன் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு நான் என் கடை வான் வண்டியில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு விமானத் திடலுக்குப் போனேன். சிவானுஜாவின் சைக்கிள் இரும்புச் சட்டம் கொண்டது, நிறை கூடியது. முதல்நாள் அதற்குச் சங்கிலி மாற்றி, பிறேக் சரிசெய்து, சீற்றை அவருடைய உயரத்துக்கு இறக்கியிருந்தேன். சுலக்ஷன் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளில் இரண்டு சைக்கிள்களுக்குக் கீழே "இடியப்பம், சம்பல் 0.8" என்றும் எழுதியிருந்தது. விமானத்தின் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "அண்ணை, இந்தக் கோட்டுக்குப் பின்னாலை பாரம் போகக் கூடாது, போனால் மூக்கு எழும்பிடும்" என்றார். அதன் பின்னர் காலநிலை பார்க்கவும் படிவம் கொடுக்கவும் அலுவலகத்துக்குப் போனார். நான் தனியே ஏற்றினேன்.

ஏற்றி முடித்துப் பட்டிகளை எடுக்கப் பார்த்தபோது பையில் இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டையும் முதல்நாள் வாடிக்கையாளர் ஒருவரின் சைக்கிளை டிரெய்லரில் கட்டுவதற்கு எடுத்து அங்கேயே விட்டிருந்தேன். கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குக் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வருவதாக எனக்கு ஒரு டெர்மின் இருந்தது. சுலக்ஷனுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. மாலைவரை காற்று நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அவசரம் என்னுடையது.

இருந்த இரண்டு பட்டிகளையும் பின்வளையங்களில் போட்டு இறுக்கினேன். விமானம் இறங்கி நிற்கும்போது சைக்கிள் முன்னால் பாய்ந்து அவருடைய முதுகில் படக் கூடாது என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. மேலே ஏறும்போது அது பின்னால் போகும் என்று நான் நினைக்கவில்லை. முன்வளையங்களில் வானுக்குள் கிடந்த பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை இரண்டாக வெட்டிக் கட்டினேன். கடையில் பல சாமான்களை நான் ரியூபால் கட்டுவது வழக்கம். அதன்மேல் சுலக்ஷனின் ஜக்கெட்டை விரித்துவிட்டேன். குளிருக்கு எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று விரித்ததாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அப்படியல்ல.

சுலக்ஷன் திரும்பி வந்து கையை உள்ளே விட்டு மேலே இருந்த சைக்கிளை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "முன்வளையத்திலையும் போட்டாச்சோ, அண்ணை?" என்று கேட்டார். நான் "ஓம், நீ ஏறு" என்றேன். அவர் ஏறினார். அப்போது நேரம் 10.20.

விமானம் ஓடி எழும்பியது. வழமையைவிட மூக்கு உயர்ந்து போவதைக் கண்டேன். மேலும் மேலும் உயர்ந்தது. இயந்திரச் சத்தம் முழுதாகவே இருந்தது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றதுபோல் தெரிந்தது. அதன் பின்னர் இடது இறக்கை சாய்ந்து, ஓடுபாதைக்கு அப்பால் சோளவயலுக்குள் விழுந்தது. நான் ஓடினேன். சோளம் என் இடுப்பளவு இருந்தது. நான் போனபோது அவருக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மீட்புப் படையினர் வந்து என்னை விலக்கினார்கள். 10.50 மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அன்று பிற்பகல் பொலிசார் என்னிடம் சைக்கிள்களை ஏற்றியது யார் என்று கேட்டார்கள். "அவர் ஏற்றினார், நான் பிடித்துக் கொடுத்தேன்" என்றேன். அப்படிச் சொல்வதென்று நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. சொல் வந்துவிட்டது. அதன் பின்னர் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். விமான விபத்து விசாரணையாளர்கள் இரண்டு பட்டிகளை மட்டுமே கண்டெடுத்தார்கள். ரியூப் துண்டுகளும் கிடைத்தன. அவை சைக்கிளின் சில்லில் இருந்து கழன்றவை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பேசாமல் இருந்தேன்.

அதன் பின்னர் சுலக்ஷன் பாரத்தைச் சரியாகக் கட்டாமல் பறந்தவர் என்று கழகத்தில் கதைத்தார்கள். எங்களுடைய ஆட்களும் அப்படியே கதைத்தார்கள். 14 யூலை அன்று சிவானுஜாவின் வீட்டில் முப்பத்தோராம் நாள் காரியம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர், "பொடியன் அவசரக்காரன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மேசையில் நானும் இருந்தேன். நான் சாப்பிட்டேன்.

ஆட்கள் போனபிறகு பாத்திரம் எடுத்துவைக்க உதவிக்கொண்டிருந்தபோது சிவானுஜா என் அருகில் வந்தார். தலைமயிர் அப்போதுதான் கட்டையாக முளைத்திருந்தது. "உமா அண்ணை, அவர் வீட்டுக் கதவைக்கூட ரெண்டு தரம் இழுத்துப் பாக்கிற மனுசன். எனக்காகத்தான் அவசரப்பட்டிட்டார். நான் அந்தச் சைக்கிளைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். நான் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதன் பின்னர் ஆறு நாட்கள் கடையைத் திறக்கவில்லை.

நேற்று, 21 யூலை மாலை, சிவானுஜாவின் வீட்டுக்குப் போய், மேலே சொன்னதெல்லாவற்றையும் சொன்னேன். அவர் குசினியில் நின்றபடியே கேட்டார். அழவில்லை. "அவர் உங்களிட்டைக் கேட்டவரோ, முன்னுக்குக் கட்டியாச்சோ எண்டு?" என்று கேட்டார்.

"ஓம், கேட்டவர்."

"கேட்டவர்தானே?"

"ஓம்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் எண்டு சொன்னனான்."

அவர் கதிரையில் இருந்துகொண்டார். என்னை இருக்கச் சொல்லவில்லை. பிறகு, "ஒரு மாதமா நான் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தனான். உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு என்ரை வீட்டிலை சாப்பிட்டனீங்கள்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் கையால் வேண்டாம் என்று காட்டினார். "என்னட்டைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பொலிசிலை போய்ச் சொல்லுங்கோ. அவர் கேட்டவர் எண்டு எழுத்திலை இருக்க வேணும்" என்றார். நாளைக்குப் போகிறேன் என்றேன். "நான் கூட்டிக்கொண்டு போறன். தனியப் போனால் நீங்கள் பாதியிலை திரும்பியிடுவியள்" என்றார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அவர் தன் காரில் வந்து என்னை ஏற்றினார். கட்டிடத்தின் முன் காரை நிறுத்தியபோது, தன்னால் உள்ளே வர ஏலாது, நான் முடித்துவிட்டு வெளியே வரும்வரை காரிலேயே இருப்பதாகச் சொன்னார். அதன் பின்னர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்படியும், இனி ஒருபோதும் தன் வீட்டுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். நான் சம்மதித்தேன்.

விபத்துப் பற்றிய இறுதி அறிக்கையில் சுலக்ஷன் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் அப்படியே எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக வேறு எதுவும் கேட்கவில்லை.

மேலே உள்ளவற்றை என்னை எவரும் பயமுறுத்தாமலும் தூண்டாமலும், சுயநினைவோடு சொன்னேன். செல்வி தேனுஜா எனக்குத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது. எனக்குத் தெரிந்தவரை இதில் பொய் இல்லை. முடிவடைந்த நேரம் 11.55.

ஒப்பம்: க. உமாபதி