ஒன்பதாம் நம்பர் பனியன்

கன்னையன் காப்பி நன்றாகப் போடுவான். ஒரே குறை, சர்க்கரையைக் குறை என்றால் அவன் கை கேட்காது. எனக்குச் சர்க்கரையே ஆகாதென்று டாக்டர் சொல்லி ஆறு வருஷமாகிறது. தினமும் நான் சொல்கிறேன், அவன் தலையாட்டுகிறான், காப்பி பாயசமாக வருகிறது. நீங்கள் குடியுங்கள் தம்பி, சின்ன வயசு, தாங்கும்.

கால்பந்து கிளப்புக்கு வெள்ளிவிழா மலர் போடுகிறீர்கள், சந்தோஷம். இருபத்தைந்து வருஷத்தில் போடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஒரு டீம்கூட மதுரையில் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லையே, ஏன் என்று கேட்கிறீர்கள். ஊருக்குள் கேட்டிருப்பீர்கள். மைதானத்தில் கல் என்றிருப்பார்கள். ஏலக்காய் எடுக்கிற மாசத்தில் பையன்கள் மலையேறிவிடுகிறார்கள் என்றிருப்பார்கள். போடிமெட்டுக் காற்று பந்தைத் திருப்புகிறது என்று சொன்ன அறிவாளியும் இங்கே உண்டு. எதிர்த்து ஆட வந்த மதுரைக்காரனுக்கு மட்டும் அந்தக் காற்று ஒத்தாசை செய்தது போலிருக்கிறது.

காரணம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர் ராஜாராம். எப்படியும் அச்சில் வராது, உங்கள் மலரின் பின்னட்டை விளம்பரம் என்னுடையது.

அறுபத்து மூன்றில் கிளப் ஆரம்பித்தபோது பதினோரு குடும்பங்கள் சேர்ந்து இடம் கொடுத்தன. பதினோரு குடும்பம், பதினோரு ஆட்டக்காரர்கள். கோயிலில் மண்டகப்படி பிரிப்பது போல இடத்தைப் பிரித்துக்கொண்டோம். ஒன்பதாம் நம்பர் பனியன் எங்கள் வீட்டுக்கு. கோல் காப்பது மளிகைக்கடை தானியேல் வீட்டுக்கு. தானியேல் குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். ஆனால் பந்து வலைக்குள் போன பிறகு அதை எடுத்துக் கொடுப்பதை மிகுந்த மரியாதையோடு செய்வார். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத வருஷம், கம்பத்திலிருந்து மாப்பிள்ளையை வரவழைத்து இறக்கினார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். ஏழு கோல் வாங்கினோம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அனுப்பினோம்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இருபத்தைந்து வருஷமாகக் கிளப்பில் ஒரு சண்டை வந்ததா, கேட்டுப்பாருங்கள். கோப்பை ஜெயித்த ஊர்களிலெல்லாம் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. பக்கத்து ஊர் கிளப்புகள் மூன்றும் எங்களைப் பார்த்து இதே முறையை வைத்துக்கொண்டன. வட்டாரச் செயலாளராக நான்தான் எடுத்துச் சொன்னேன்.

எழுபத்தாறு பொங்கலுக்கு எஸ்டேட் ஆட்களோடு ஒரு ஆட்டம் வைத்தோம். அதில்தான் கன்னையன் வந்தான். குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கிற வேலுத்தாயின் ஒரே மகன், பத்தொன்பது வயசு. தலையில் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் ஓடி இறங்கிப் பழகிய கால். நாலு கோல் போட்டான். மூன்றாவது கோலுக்கு முன்னால் பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு, என்னைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். விளையாட்டென்றால் அப்படித்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். தானியேல் கடையில் வைத்துச் சொன்னார், "மாப்ளே, நீ ஒரு வருசம் உக்காரு. ஒன்பதாம் நம்பர அந்தப் பயலுக்குக் குடுத்துப் பாப்பம்." குனிய முடியாதவர் எனக்குச் சொல்கிறார். சரி, கொடுக்கிறேன் என்று வையுங்கள். நாளைக்குத் தானியேல் இடத்தை இன்னொருவன் கேட்பான். அப்புறம் யார் வீட்டு இடம் நிற்கும்? கிளப் உடையும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

அதற்குள் மதுரை மில் ஒன்றிலிருந்து ஆள் வந்து கன்னையனைப் பார்த்துவிட்டுப் போனார். மாசி கடைசியில் அங்கே வந்து ஆடிக் காட்டினால் டீமில் இடம், மில்லில் வேலை, இருக்க வீடு. வேலுத்தாய் மலை இறங்கிவிடலாம். அந்த அம்மாள் என்னிடம் வந்து, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மொதலாளி" என்று கும்பிட்டாள்.

மாசி பிறந்ததும், பயிற்சியில் கல் தடுக்கிக் கன்னையனுக்குக் கணுக்கால் பிசகியது. அதை நான் செய்யவில்லை. கல் செய்தது. கொஞ்சம் வீக்கம், பத்து நாளில் சரியாகியிருக்கும். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இதே ஸ்டோரில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து நானே கட்டினேன். நுனிவிரல்கூட நுழையாத இறுக்கம். அப்படிக் கட்டினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். சுமை ஏற்றுகிற கழுதை ஒன்றின் காலில் கயிறு இறுகி, அது எப்படிப் போனதென்று மலையில் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் கத்தினான். நாலாம் நாள் வேலுத்தாய் வந்து பார்த்துவிட்டு, "மொதலாளி, வெரலெல்லாம் கறுக்குதே. வெரசா ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமா?" என்றாள்.

"ஆசுபத்திரிக்குப் போனா வெட்டிப்புடுவாக ஆத்தா," என்றேன். அவள் பயந்துவிட்டாள். அந்த ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

ஐந்தாம் நாள் கன்னையனே சொன்னான், வலி இல்லையென்று. "வலி போச்சுன்னா குணமாகுதுன்னு அர்த்தம்டா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மதுரைக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை இல்லை என்று கவலைப்பட்டான். என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அப்புறம் வாடை வந்தது, ஆனால் ஸ்டோரில் ஏலக்காய் வாசத்துக்கு முன்னால் வேறெதுவும் தெரியாது. இந்த இடத்தை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். பத்தாம் நாள் என் ஜீப்பிலேயே மதுரைக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊரே என்னைப் புகழ்ந்தது.

அதன் பிறகு மலையிலிருந்து ஒரு பையன்கூடப் பந்து தொட இறங்கவில்லை. கன்னையனின் காலை எல்லாரும் பார்த்தார்கள் அல்லவா. நாலு கிளப்பிலும் அவரவர் வீட்டு இடம் அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. நாற்பத்தொரு வயசு வரை ஒன்பதாம் நம்பர் பனியனை நான் போட்டேன். எத்தனை கோல் அடித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர்.

வேறொன்று கேட்கத் தோன்றுகிறது உங்களுக்கு, முகத்தில் தெரிகிறது. அவன்தான் மதுரைக்குப் போகவிருந்தானே, போயிருந்தால் உங்கள் பனியன் உங்களிடமே இருந்திருக்குமே, அப்புறம் எதற்கு என்று. நல்ல கேள்வி. காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

அவனை நான் கைவிடவில்லை. அந்த வருஷமே வேலுத்தாய் செத்த பிறகு, பன்னிரண்டு வருஷமாக ஸ்டோர் காவலுக்கு வைத்திருக்கிறேன், சோறு போடுகிறேன். இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா என்று பார்க்கிறீர்களா? அவனுக்கு ஏது அவ்வளவு மூளை. எல்லாம் காலில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. என்னைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஏன் என் காலையே பார்க்கிறீர்கள்? போன வாரம் படியில் சறுக்கிவிட்டேன், அவ்வளவுதான். கன்னையன்தான் கட்டினான். நான் அன்றைக்குக் கட்டியதைப் பார்த்தே கற்றுக்கொண்டானாம். மாடியேற வேண்டாம் மொதலாளி, ஸ்டோரிலேயே படுங்கள், வாசமாக இருக்கும் என்று கட்டிலும் போட்டுக் கொடுத்தான். சர்க்கரைக்காரன் விரல் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். நாலு நாள் உயிர் போகிற வலி, நேற்றிலிருந்து துளியும் இல்லை. காலையில் அவனிடம் சொன்னேன். "வலி போச்சுன்னா குணமாகுதுன்னு அர்த்தம் மொதலாளி" என்றான். பாருங்கள், என்றைக்கோ நான் சொன்ன ஒரு வார்த்தை, இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருக்கிறான். விசுவாசம் என்றால் அதுதான்.