கல் இல்லாத ஸ்லைடு

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது இன்னொரு கண்ணை மூடக் கூடாது. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் மூடுவார்கள். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். ப்ரீத்தி முதல் நாளே இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். அதனால்தான் அவளை என் ஆய்வு மாணவியாக எடுத்துக்கொண்டேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

எங்கள் வேலை பொறுமையான வேலை. சுண்ணாம்புப் பாறையில் ஒரு சில்லை வெட்டி, கண்ணாடியில் பசை போட்டு ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்க்க வேண்டும். அதுதான் ஸ்லைடு. அப்படித் தேய்த்த சில்லில்தான் நான் அந்த உருண்டைகளைப் பார்த்தேன். கடுகைவிடப் பல மடங்கு சிறியவை. பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய கடல்பாசி என்று எழுதினேன். பேராசிரியர் பதவி, வெளிநாட்டுப் பயணம், சிதம்பரத்தில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிற மரியாதை எல்லாம் அந்த உருண்டைகள் கொடுத்தவை.

போன வருஷம் மாசியில் ப்ரீத்தி என் அறைக்கு வந்தாள். கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். பயந்தாலும் பார்வையைத் தாழ்த்த மாட்டாள்.

"சார், கோச்சிக்காதீங்க. கல்லே வெக்காம வெறும் பசைய மட்டும் ஊத்தி ஒரு ஸ்லைடு செஞ்சேன். அதுலயும் அந்த உருண்டைங்க இருக்கு."

"அப்படின்னா?"

"காத்துக் குமிழி சார். பசைய கலக்கறப்ப உள்ள மாட்டிக்கினது. பாசி இல்ல."

நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். "நீங்களே திருத்தி எழுதிட்டா உங்க பேரு கெடாது சார்" என்றாள். என் பேரைக் காப்பாற்ற அவள் எனக்கு வழி சொன்னது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மறுவாரம் அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு குவாரிக்கு அழைத்துப் போனேன். புதுக் கல் எடுத்து மறுபடி சோதித்துவிடலாம் என்றேன். சந்தோஷப்பட்டாள். விளிம்பில் ஒரு பாறை, அடியெல்லாம் அரித்துப்போய் மேலே மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கீழே இறங்கிப் பார்த்தால்தான் அது தெரியும். முந்தின நாளே போய் நான் பார்த்து வைத்திருந்தேன். முனையில் ஒரு துண்டு உடைத்து வா என்றேன். போனாள்.

விழுந்த பிறகும் உயிர் இருந்தது. "சார், சார்" என்று கூப்பிட்டாள். வெயில் ஜாஸ்தி. நான் காரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மேலே வைத்துவிட்டுப் போன அவள் பையில் அந்த ஸ்லைடு இருந்தது, எடுத்து உடைத்தேன். சத்தம் நின்றதும் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அவளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அடுத்த கட்டுரையில் அந்த உருண்டைகளில் ஒரு வகைக்கு அவள் பெயரையே வைத்தேன். நினைவுக் கூட்டத்துக்கு அவள் அப்பா தட்சிணாமூர்த்தி வந்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "எம் பொண்ணு பேரு எப்பவும் இதுக்கு இருக்குமா சார்?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

கனிமொழியும் என் மாணவிதான். போன வாரம் வந்து, "சார், ப்ரீத்தி அக்கா எங்கிட்ட ஒரு ஸ்லைடு குடுத்து வெச்சாங்க. என்னன்னு சொல்லல. இப்பதான் பாத்தேன், அதுல கல்லே இல்ல சார்" என்றாள். ப்ரீத்தி இன்னொன்றும் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் அவளையும் குவாரிக்குக் கூப்பிட்டது உண்மை. அவள் வரவில்லை, நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ப்ரீத்தியின் அப்பா கேட்டால் ஆறுதலாக இருக்கும்: அவளை நான் ஒரு நாள்கூட அதட்டிப் பேசியதில்லை.