ஒரே காது

— யார்கிட்ட ஜெபம் பண்ணதாச் சொன்னீங்க அண்ணி?

— இயேசுகிட்ட. பிதாகிட்டப் போகல.

— அவர்கிட்ட ஏன் போகல?

— பயமா இருந்துச்சு. மகனுக்கு இளகின மனசு. அவர் எடுத்துச் சொன்னா அப்பா கேப்பார்ல? எங்க பொறந்த வீட்லயும் அப்பாகிட்ட ஏதாவது வேணும்னா எங்க அண்ணன் வழியாத்தான் போவோம்.

— கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஞானஸ்நான வகுப்பு எடுத்ததே நான்தான். இப்படியா சொல்லிக்குடுத்தேன்?

— அப்பப் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

— பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னா மூணு தேவன் இல்ல. ஒரே தேவன். ஒருத்தர் கோவக்காரர், ஒருத்தர் இளகினவர்னு கிடையாது. ஒரே மனசு, புரியுதா?

— ஒரே காதா?

— அப்படியும் வெச்சுக்கலாம். அதனால தைரியமா இருங்க. அண்ணனுக்காக நீங்க கேட்டது போய்ச் சேர்ந்தாச்சு. ஏன் அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவையே பாத்துட்டிருக்கீங்க?

— எப்பத் திறக்கும்னுதான்.

— தலைக்குள்ள கட்டின ரத்தத்தை எடுத்துட்டாப் பிழைச்சுக்குவார்னு டாக்டர் சொன்னார்ல? கிடங்குல அவ்வளவு உயர ஏணியிலேருந்து விழுந்தும் மூச்சு இருக்கே, புரியுதா, அதுவே...

— அப்ப காலையில கேட்டது?

— காலையில என்ன?

— காலையில பிதாகிட்டக் கேட்டேன். அவர் வேற, இவர் வேறன்னு நெனச்சுத்தான் இப்ப மகன்கிட்ட ஓடினேன்.

— என்ன கேட்டீங்க?

— பாப்பா பாலைக் கொட்டிட்டா. உன் அண்ணன் அவ முடியைப் பிடிச்சு சுவத்துல மோதினார்.

— பாப்பா வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னீங்க.

— போன தடவையும் அப்படித்தான் சொன்னேன். அவர் வண்டிச் சத்தம் அடங்கினதும் அடுப்படியில முட்டி போட்டேன். இந்த மனுஷன் இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு கேட்டேன்.

— அண்ணி... அது கோவத்துல வந்த வார்த்தை. தேவன் அதைப் பெரிசா எடுத்துக்க மாட்டார்.

— இப்பக் கேட்டது பயத்துல வந்த வார்த்தை. ரெண்டும் ஒரே காதுலதானே விழுந்திருக்கு. எதை மனசாரக் கேட்டேன்னு அவருக்குத் தெரியாதா?

— எதை அண்ணி?

— அதை மட்டும் கேக்காத.

— கதவு திறக்குது. டாக்டர் வர்றார், எழுந்திருங்க.

— நீ போய்க் கேளு. நான் வரல. பிழைச்சுட்டார்னு டாக்டர் சொன்னா என் முகம் எப்படிப் போகும்னு எனக்கே தெரியல. நீ பாக்காம நான் மறைச்சுக்கலாம், மேல இருக்கற அந்த ஒருத்தர் பாத்துடுவார்.